முதலில் வாசிக்கட்டும்!

கேள்வி: ஐ.டி. படிக்கும் என் மகள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் விழிக்கிறாளே, ஏன்?

பதில்: அவளுக்குத் துணை நிறைய உண்டு! 2001-ல் மைக்கேல் மெக்ராக்கன் என்ற ஆய்வாளரின் குழு, பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் 216 பேரைக் கால்குலேட்டர் புரோகிராம் எழுத வைத்தது. 110-க்குச் சராசரி 23-ஐக்கூடத் தொடவில்லை. 2004-ல் ரேமண்ட் லிஸ்டர் குழு இன்னும் தோண்டியது. சிறு புரோகிராம் துண்டைக் காட்டி, என்ன விடை வரும் என்று கேட்டாலே பலர் தடுமாறினார்கள். வாசிக்க வராதவரிடம் கட்டுரை கேட்கலாமா? ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைப் பிரதியெடுத்தால் கையெழுத்து திருந்தும், புரோகிராம் எழுதும் திறமை வராது. புரோகிராமில் வரிவரியாக மாறும் மதிப்புகளைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கவும், தப்பான புரோகிராமைத் திருத்தவும் ஆசிரியர்கள் வகுப்பிலேயே பழக்க வேண்டும். நீங்களும் இன்றிரவு மகளிடம் ஒரு லூப்பைக் காட்டி, எத்தனை தடவை சுற்றும் என்று கேளுங்கள்.