பெட்டிக்குள் அரை வெள்ளி

கேள்வி: சோலார் பவர் ஸ்டேஷன் வாங்கப் போகிறேன். 300 வாட்-ஹவர் போதுமா, 1000 எடுக்கவா? (வாசகர், பத்தாங் காலி)

பதில்: கரண்ட் போனால் வீட்டில் முதலில் கத்துவது யார்? 50 வாட் காற்றாடி கேட்பவர் என்றால் 300 போதும். ஐந்து மணி நேரம் ஓடும். 2000 வாட் கெட்டில் கேட்பவர் என்றால், சின்னப் பெட்டி சுவிட்ச் போட்டதுமே படுத்துவிடும். இன்னொன்று: 1000 வாட்-ஹவர் என்பது ஒரே ஒரு யூனிட். சாதாரண வீட்டுக்குத் தெனாகா நேஷனல் அதை அரை வெள்ளிக்கும் குறைவாகத் தருகிறது. பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி!

கேள்வி: விளம்பரத்தில் 80,000 எம்.ஏ.எச். என்கிறார்களே?

பதில்: சம்பளத்தைக் காசுக் கணக்கில் சொல்கிறார்கள். 3.7 வோல்ட் செல் என்றால், 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 296 வாட்-ஹவர்.

கேள்வி: வெயில் இலவசம்தானே?

பதில்: மத்தியான மழையும்தான். 100 வாட் பலகை, நல்ல வெயிலிலேயே நாளைக்கு 400 வாட்-ஹவர் தந்தால் அதிகம். பெரிய பெட்டி நிரம்ப மூன்று நாளாகும்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் அண்ணனுக்கு ஒன்று கொண்டுபோகலாமா?

பதில்: 160 வாட்-ஹவரைத் தாண்டிய பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை, கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. அண்ணனுக்கு மைலோ டின் வாங்குங்கள்.