குதிரை என்ன பாவம் செய்தது?

கேள்வி: ரக்பி நாக்-அவுட்டில் தோற்றால் நியூசிலாந்து ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்?

பதில்: அங்கே ரக்பிதான் ஊர்த் திருவிழா, குலசாமி எல்லாம். 1999 உலகக் கோப்பை அரையிறுதியைப் பாருங்கள். லண்டன் ட்விக்கன்ஹாமில் ஜோனா லோமு, மேலே விழுந்து பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டே ஓடி இரண்டு ட்ரை வைத்தார். நியூசிலாந்து 24-10. அவ்வளவுதான், பிரான்ஸுக்கு அருள் வந்துவிட்டது! லமேசோன் இரண்டு டிராப் கோல், இரண்டு பெனால்டி அடித்தார். பிறகு ட்ரைகள் வரிசைகட்டின. எதிரணிக்கு ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து 33 புள்ளிகள். முடிவு 43-31. நான் பார்த்த ரக்பியிலேயே அழகான அரை மணி நேரம் அதுதான்.

நியூசிலாந்து பயிற்சியாளர் ஜான் ஹார்ட் பதவி விலகினார். ஆத்திரம் அடங்கவில்லை. கிறைஸ்ட்சர்ச் பந்தயத்தில் ஓடிய அவருடைய குதிரை மீது எச்சில் துப்பினார்கள். வாயில்லா ஜீவன், அது எந்தப் பந்தைத் தவறவிட்டது?

2007 காலிறுதியில் மறுபடி பிரான்ஸ், 20-18. இம்முறை நடுவர் வெய்ன் பார்ன்ஸுக்குக் கொலை மிரட்டல். ஆனால் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியை வாரியம் கைவிடவில்லை. 2011 இறுதிப் போட்டியில் அதே பிரான்ஸை 8-7 என்று வென்று கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.