வீட்டுப் பள்ளித் தாளாளர்

தனியார் பள்ளியை நடத்தும் நிர்வாகிக்குத் தமிழ்நாட்டில் தாளாளர் என்று பெயர். கட்டடமும் பேருந்தும் அரசு அங்கீகாரமும் இல்லாமல், தம் மகள் ஒருத்தியையே மாணவியாகக் கொண்டு அப்பதவியை வகிப்போர் அண்மைக் காலமாகக் கோயம்புத்தூரின் வடவள்ளி, சரவணம்பட்டி முதலிய பகுதிகளில் காணப்படுகின்றனர். இவர்களை வீட்டுப் பள்ளித் தாளாளர் என அழைப்பது பொருந்தும். வீட்டுக்கல்வி என்பது பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் பெற்றோரே கற்பிக்கும் முறையாகும். இதில் கற்பிப்பது தாயின் பொறுப்பு. தாளாளரின் பொறுப்பு பாடத்திட்டத்தைத் தெரிவு செய்வது, அதாவது எதை, எந்த வரிசையில், எந்தக் கருவியைக் கொண்டு கற்பிப்பது என்று முடிவெடுப்பது. மகளுக்கு ஐந்தரை வயது ஆகிவிட்டது. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். திருமண மண்டபத்தில் எவரேனும் "பாப்பா எந்த ஸ்கூலுங்க?" என்று கேட்டுவிட்டால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதையும், அது 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குரியது என்பதையும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறினாலும் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் கூறவில்லை என்பதையும், வீட்டுக்கல்வி என்ற பேச்சே அச்சட்டத்தில் இல்லை என்பதையும் அவர் எடுத்துரைப்பார். 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பதினான்கு வயது நிறைந்தவர் நேரடியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்ற இடத்திற்கு அவர் வந்து சேர்வதற்குள் கேட்டவர் பந்திக்குப் போயிருப்பார்.

இவ்வகையினரின் தோற்றுவாயை நாமக்கல்லில் தேடவேண்டும். 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகத் தமிழகம் முழுவதிலுமிருந்து மாணவரை ஈர்த்தன. அம்மாவட்டத்தின் இன்னொரு புகழ்பெற்ற தொழிலான கோழிவளர்ப்பை மனத்தில் வைத்து மக்கள் அவற்றைப் 'பிராய்லர் பள்ளி' என்றனர். தாளாளர் அத்தகைய பள்ளியொன்றின் முன்னாள் மாணவர். விடியுமுன் எழுப்பப்பட்டு, பதினோராம் வகுப்பைப் பெயரளவில் கடந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட்டவர். "எம்புள்ள மனப்பாடம் பண்ணாது" என்பது மகள் பிறந்த அன்று அவர் எடுத்த சூளுரை. எனினும் தொட்டில் பழக்கம் விடவில்லை. பிள்ளைகளின் சுதந்திரத்தைப் போற்றும் நூல்களை, பொதுத்தேர்வில் கேட்பார்கள் என்பதுபோல் அவர் மஞ்சள் கோடிட்டுப் படிக்கிறார்; பாடத்திட்டங்களை ஒப்பிட்டு இரவு விழித்துத் தயாரித்த அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் தரவரிசையும் உண்டு. பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டுவிட்டது, தாளாளர் கைவிடவில்லை.

அட்டவணையின் முதலிடம் நிலையற்றது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப்போரினால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர் என்பதால் அவரைத் தாளாளர் ஏறக்குறைய உள்ளூர்க்காரராகவே கருதுகிறார். மாண்டிசோரி முறையில் நான்கு வயதளவிலேயே பிள்ளை உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகும். ஜெர்மனியில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டெய்னர் 1919இல் தொடங்கிய வால்டார்ஃப் முறையிலோ ஏழு வயதை ஒட்டித்தான் எழுத்துப் பயிற்சி தொடங்கும். அதுவரை கதை, பாட்டு, தேன்மெழுகு வண்ணக்கட்டி ஆகியவையே பாடம். ஆகவே மாண்டிசோரி முன்னிலை வகிக்கும் மாதங்களில் உப்புத்தாள் எழுத்துகள் அலமாரியிலிருந்து வெளிவரும். ஸ்டெய்னர் முந்தும் மாதங்களில் அவை பரண் ஏறும். "ஏனுங்க, எழுத்து இன்னிக்கு உள்ளயா, வெளியவா?" என்று மனைவி காலையில் கேட்டுக்கொள்வது அவ்வீட்டின் இறைவணக்கம். தேன்மெழுகுக் கட்டிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அவை இளகி ஒரே கட்டியாயின. இங்கிலாந்தின் சார்லட் மேசன் வழியில் இயற்கையைக் கூர்ந்து நோக்குவதற்காக ராபின் பறவையின் படங்கள் நிறைந்த வழிகாட்டி நூலும் வந்துசேர்ந்தது. அதை விரித்து வைத்திருந்த வேளையில் சன்ஷேடில் வந்தமர்ந்து அகவிய மயில், வகுப்புக்கு இடையூறு என்று விரட்டப்பட்டது.

தாளாளரின் இயல்பை முழுமையாக விளக்குவது இளஞ்சிவப்புக் கோபுரம் பற்றிய நிகழ்ச்சியாகும். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்து மரக் கனசதுரங்களைப் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கும் மாண்டிசோரிக் கருவி அது. விலைக்கு வாங்குவதைவிட உள்ளூரில் செய்விப்பது சுதேசியம் என்று எண்ணிய அவர், மகளையும் அழைத்துக்கொண்டு கணபதிப் பக்கம் பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செய்யும் பட்டறை ஒன்றுக்குச் சென்றார். பேட்டர்ன் என்பது உலோகம் வார்ப்பதற்கு முன் மணலில் அச்சுப் பதிக்க உதவும் மர உருவம். பம்ப்செட்டும் மோட்டாரும் பிறக்கும் அந்நகரின் முதல் சிற்பம் அதுவே. வரைபடத்தைப் பார்த்த மேஸ்திரி, "வார்ப்பிரும்புங்களா, அலுமினியமுங்களா? சுருக்கம் எவ்வளவு விடோணும்?" என்று கேட்டார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குமாதலால் பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்வது மரபு; அதற்கென்றே, கோடுகளைச் சிறிது விலக்கிப் போட்ட தனி அளவுகோல் ஒன்றும் உண்டு. எதையும் வார்க்கப் போவதில்லை, பிள்ளை அடுக்கி விளையாடத்தான் என்று தாளாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது, மகள் அந்த அளவுகோலையும் சாதாரண அளவுகோலையும் அருகருகே வைத்து, தொடக்கத்தில் ஒன்றாக இருந்த கோடுகள் போகப்போக விலகுவதைக் கண்டுபிடித்து, "மாமா, இது தப்பு ஸ்கேலா?" என்றாள். மேஸ்திரி உளியை வைத்துவிட்டுப் பதில் சொல்ல உட்கார்ந்தார். தாளாளர் இடைமறித்து, அளவீடு ஏழு வயதுக்குரிய பாடம் என்பதைப் பணிவுடன் தெரிவித்து மகளைக் காருக்கு அழைத்துச் சென்றார்.

கட்டைகள் பத்து நாளில் வந்தன. மணலிலிருந்து எடுக்க எளிதாயிருக்கும் பொருட்டுப் பக்கங்களுக்குச் சிறு சாய்வு கொடுக்கும் தொழில் வழக்கத்தை மேஸ்திரியின் கை மறக்கவில்லை. கனசதுரம் துல்லியமாக இல்லையென்று அவை பரண் ஏறின. மரியாதைக்குரிய இறக்குமதிக் கோபுரம் ஒன்று பார்சலில் வந்தது.

உள்ளூர்ச் செல்வங்களைத் தாளாளர் அறியாதவர் என்று எண்ணுவது அவருக்கு அநீதி செய்வதாகும். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்த பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும், தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ள பாடநூல்களும் அவருடைய கணினியில் தரவிறக்கப்பட்டு, உரிய பெயரிட்ட கோப்புறைகளில் உள்ளன. பாடத்திட்டம் முடிவானதும் அவற்றைத் திறப்பதாக ஏற்பாடு.

உறவினரின் ஐயங்களுக்கெல்லாம் அவர் கைவசம் வைத்திருக்கும் விடை கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு (1893-1974). பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், பின்னர் தொழிற்கல்லூரி நிறுவத் துணைநின்று, நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று அரசோடு முரண்பட்டு வெளியேறியவர் என்பதால் வீட்டுக்கல்விக்கு அவரைவிடச் சான்று வேறில்லை. மாமனார் அன்னூரிலிருந்து வந்திருந்த ஒருநாள் இவ்வுரை முழுவதும் மீண்டும் நிகழ்த்தப்பெற்றது. கேட்டு முடித்த பெரியவர், கூடத்தில் குவிந்திருந்த அட்டைப் பெட்டிகளைக் கால் படாமல் தாண்டிக்கொண்டே, "அவுரு வெள்ளைக்காரங்கிட்ட மோட்டார் சைக்கிள வாங்கிப் பிரிச்சாருங்க மாப்பிள்ளை. நீங்க பார்சலத்தான பிரிக்கிறீங்க" என்றார்.

இதற்கிடையே மகள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அன்னூர் அப்புச்சி வீட்டிற்குப் போய்வரும் வழியில் பேருந்துகளின் ஊர்ப்பலகையைப் பார்த்தும், அம்மா அரிசிச் சாக்கில் விரல் வைத்துக் காட்டியதைக் கொண்டும் எழுத்துகள் கூடிவந்தன. தேங்காய் எண்ணும் களத்தில் கூட்டலும் வந்தது. செய்தி கிட்டியதும் தாளாளர் மகிழ்ந்தார், உடனே கவலையும் கொண்டார். ஏனெனில் முன்னேற்றப் பதிவேட்டில் 'எம்முறையின் வழி' என்றொரு கட்டம் உண்டு. மூன்று இரவு ஆராய்ந்தபின், பாடத்திட்டம் எதுவுமின்றிப் பிள்ளை தானாகக் கற்பதையே கல்வியெனக் கொள்ளும் அமெரிக்கரான ஜான் ஹோல்ட்டின் அன்ஸ்கூலிங் முறைதான் வீட்டில் நடந்துவந்திருக்கிறது என்ற தெளிவு பிறந்தது. அதை முறையாகச் செய்வதற்கான நூல்கள் நான்குக்கு அன்றே ஆர்டர் கொடுக்கப்பட்டது. குளிர்பதனப்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய புதிய கால அட்டவணையில் முதல் வரி: காலை 10 முதல் 11 வரை, தானாகக் கற்றல்.