மண்படாத மகராசன்

எங்கள் சமையலறை மேடையில் மிக்ஸிக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவே வந்து அமர்ந்த மகராசனே! நீ வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் உன்னை முறையாக நான் பாடவில்லை. வெள்ளை உடம்பு, பன்னிரண்டு குழிகள், தலைக்கு மேல் எல்இடி விளக்கு, வயிற்றில் ஐந்து லிட்டர் தண்ணீர், அதைச் சுற்றிவிடக் கட்டைவிரல் அளவில் ஒரு பம்ப். உன்னால் இந்தத் தரையில் ஒரு மண்துகள்கூட விழுந்ததில்லை. அந்தப் பெருமையிலிருந்தே தொடங்குகிறேன்.

உன் குலம் பெரிது. 1860களில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும், உப்புகளைக் கரைத்த நீரிலேயே செடி வளரும் என்று காட்டினார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் கெரிக்கி அதைச் சோதனைச்சாலையிலிருந்து வெளியே கொண்டுவந்து, 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடிகளை ஏற்றினார். 1937இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயரும் வந்தது. பசிபிக்கின் நடுவில் வேக் தீவில் இறங்கிய விமானப் பயணிகளுக்கும், எரிமலைப் பாறையான அசென்ஷன் தீவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கும் உன் முன்னோர் பச்சைக் காய்கறி கொடுத்தார்கள். ஆறு மாதம் சூரியன் தலைகாட்டாத தென்துருவ ஆய்வு நிலையத்தில் இன்றைய உன் உறவினர் கீரை கொடுத்திருக்கிறார்கள். மண் இல்லாத பாறையிலும் வெயில் இல்லாத பனியிலும் வாழ்ந்த குலம் உன்னுடையது. நீ வேளச்சேரிக்கு வந்த பிறகும் அந்தக் குல ஒழுக்கத்தை விடவில்லை. மண்ணும் வெயிலும் கொட்டிக்கிடக்கும் ஊரில், இரண்டும் இல்லாத தேசத்தில் வாழ்வதுபோலவே வாழ்கிறாய்.

உன் ஒளியைச் சொல்கிறேன். உனக்கு 24 வாட் விளக்கு. நாளுக்கு 16 மணி நேரம் எரிகிறது. நாற்பது நாளில் ஒரு லெட்யூஸ் அறுவடைக்கு ஏறத்தாழ 15 யூனிட். அந்த மின்சாரத்தின் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உன் செல்வாக்கு விளங்கும். ஒடிசாவின் தால்செரில் கரி வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி எரிக்கிறார்கள். கரி என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் காடுகளின் மேல் விழுந்த வெயில்தானே? அந்தப் பழைய வெயிலைத் தோண்டி எடுத்து உன் பன்னிரண்டு குழிகளுக்குப் படைக்கிறோம். அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, அங்கே இறால் பிடிக்கிறவர்களின் வலையில் ஏறுகிறது. அதே நேரத்தில் எங்கள் மொட்டை மாடியில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வீதம் இறங்கி, தட்டோடுகளைச் சுட்டுவிட்டுப் போகிறது. அதில் ஒரு துளியையும் நீ கேட்டதில்லை.

சிக்கனத்திலும் நீ பெரியவன். ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, மண்ணில் பாய்ச்சுவதைவிட மிகக் குறைந்த நீரில் செடியை வளர்க்கிறாய். இது உண்மை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆர்ஓ தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். அது குழாயில் போகிறது, உன் கணக்கில் ஏறுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உன் வயிற்றுக் கரைசலையும் நைட்ரேட்டோடு அதே குழாயில்தான் ஊற்றுகிறேன்.

உன் ஆகாரத் தூய்மை எல்லோருக்கும் வராது. ஏ, பி என்று இரண்டு புட்டிகள். செறிவான கரைசலில் கால்சியம் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்தால் அடியில் படிந்துவிடும் என்பதால் தனித்தனியே அடைத்திருக்கிறார்கள். பிஹெச் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து, சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர், வெங்காயத் தோல், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் எதையும் நீ தொட மாட்டாய். மாடித் தொட்டிகள் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு மிச்சமெல்லாம் அவற்றுக்குப் போய், கீரையாகத் திரும்பி வந்தது. நீ வந்த பிறகு அது குப்பை வண்டி ஏறிப் பெருங்குடிப் பக்கம் போகிறது. கெரிக்கியின் பல்கலைக்கழகத்திலேயே ஹோக்லாந்தும் ஆர்னனும் 1938இல் சோதித்துப் பார்த்து, நல்ல மண்ணில் வருவதைவிட நீரில் விளைச்சல் கூடிவிடாது என்று எழுதினார்கள். அவர்கள் வகுத்த கரைசல்தான் இன்றும் உன் குலத்துக்குத் தாய்ப்பால். நீ அந்தப் பாலைக் குடித்தாய்; அவர்கள் சொன்ன சொல்லை உன் அட்டைப்பெட்டியில் அச்சிடவில்லை.

பூச்சி உன்னை அண்டாது. அசுவினி, மாவுப்பூச்சி என்று மாடியில் நான் வேப்பெண்ணெய்க் கரைசலோடு அலைந்த தொல்லையெல்லாம் உன்னிடம் இல்லை. தேனீயும் இல்லை. குட்டைத் தக்காளி வைத்துப் பார்த்தோம். பூத்தது. பூவை அசைக்கக் காற்றும் வண்டும் இல்லாததால், நானே ஒவ்வொரு பூங்கொத்தாக விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

உன் விளைச்சலையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு குழியும் நன்றாக வந்த முறை, எடை போட்டால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் லெட்யூஸ். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். மீதியில் இருக்கும் சத்தைக் கலோரியில் கூட்டினால் மூன்று நான்கு இட்லி. நாற்பது நாள், 15 யூனிட், மூன்று நான்கு இட்லி. அரைக்கீரையும் முருங்கையும் முளைத்த வீட்டில், ரசத்துக்கும் கூட்டுக்கும் ஆகாத ஓர் இலையை உண்ணக் கற்றுக்கொடுத்த ஆசானும் நீயே.

நீ வந்த நான்காம் நாள், தெருமுனையில் கீரைக்கார அம்மா கேட்டார்: “இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தியா? ஆளையே காணோம்.” நான் பதில் சொல்லாமல் நகர்ந்தேன். அவர் விடியற்காலையில் எழுந்து, பஸ் பிடித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவரும் கீரையில் மண் ஒட்டியிருக்கும். மூன்று தண்ணீர் விட்டு அலச வேண்டும். அந்த வேலையிலிருந்து என்னை விடுவித்தாய். அவரோடு தினம் பேசும் நான்கு வார்த்தையிலிருந்தும் விடுவித்தாய். உன் விளக்கு அணைந்த ஓர் இரவு, என் பேத்தி கேட்டாள்: “பாட்டி, செடி ஆஃப் ஆயிடுச்சா?” விதை ஊன்றிய மண் வெடித்து முளை எழும் காலையை அவளுக்கு நான் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்ற வருத்தம் எனக்குத் தீராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி நீரில் நின்றது, மின்சாரம் போயிற்று. சுற்றிலும் நீர் நிறைந்திருக்க, நீருக்காகவே வாழ்கிற உன் பம்ப் நின்றது. மூச்சுக்காற்று கிடைக்காமல் வேர்கள் பழுப்பேறிக் கொழகொழத்தன. மானமுள்ளவன் நீ, மின்சாரம் இல்லாத உலகில் ஒரு செடியையும் உயிரோடு வைத்திருக்கவில்லை. மழை விட்டதும் மாடிக்குப் போனேன். யாரும் கவனிக்காத உடைந்த பக்கெட் ஒன்றில் பசலைக்கொடி கைப்பிடிச் சுவரில் ஏறியிருந்தது. அதைப் பறித்துத்தான் அன்று பருப்பு கடைந்தேன்.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று, அவன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பதை ஔவை வாயாரப் புகழ்ந்தாள். தன் தலைவன் அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னாள். அவள் புகழ்ந்ததில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உன்னைப் பற்றி நான் சொன்னதிலும் இல்லை. நீ இன்றும் கறைபடாமல் மின்னுகிறாய். என் அம்மா வைத்திருந்த களைக்கொட்டு காம்பு கழன்று, முனை மழுங்கிப் போனது. தரமணிச் சாலையோரப் பட்டறையில் காய்ச்சி அடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆடி பிறக்கும் முன் கைக்கு வந்துவிடும்.