விதைக்கு விட்டிருக்கேன்

உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையை உங்களைவிட அக்கறையாக எட்டிப் பார்க்கிறவர் தெருவில் யாராவது இருந்தால், அவர் மாடித்தோட்டக்காரர். வாழைப்பழத் தோலை வீசக் கையை ஓங்குவீர்கள். "சார், சார்! அது பொட்டாஷ் சார்!" என்று எதிர் மாடியிலிருந்து குரல் வரும். முட்டை ஓடு அவருக்குக் கால்சியம். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது மகா பாவம். பத்து நிமிடம் அவரோடு பேசிவிட்டு வீட்டுக்குள் வந்தால், இத்தனை வருஷமும் சத்தையெல்லாம் எறிந்துவிட்டுச் சக்கையைத்தான் தின்றுகொண்டிருந்தோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

மடிப்பாக்கத்தில் இருப்பார், அம்பத்தூரில் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றிருப்பார். ஆபீசில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் போனதும், வீட்டுக்கு மேலே ஆள் சேர்த்துக்கொண்டார். காலை ஆறு மணிக்குக் கத்திரி, வெண்டை, மிளகாய் என்று வரிசையாக வருகைப்பதிவு நடக்கும். சொன்ன தேதியில் பூக்காத பீர்க்கங்கொடியின் முன்னால் நின்று, "என்ன, அறுபது நாள் ஆச்சே?" என்று அவர் கேட்கிற கேள்வி, மெமோ அடித்துப் பழகிய வாயிலிருந்துதான் வரமுடியும்.

இந்தக் குலத்தின் பெருக்கத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. பைகள், நார்க்கழிவு, விதைப் பொட்டலங்கள், வேப்பெண்ணெய். நல்ல திட்டம். வாங்கிய பலர் கீரை வளர்த்தார்கள். நம்மவர் தாமே வளர்ந்துவிட்டார். பைகள் போதாமல் பெயிண்ட் வாளிக்கு வந்தார். இப்போது தெருவில் யார் வீட்டில் வெள்ளையடித்தாலும், பெயிண்டர் ஏணியை விட்டு இறங்குவதற்குள் கீழே வந்து நிற்பார். உடைந்த வாளியைக் கண்டால் அவர் முகம் மலரும். உடையாத வாளியைக் கண்டால் யோசனையில் ஆழும். அதனால் அவர் மனைவி குளியலறை வாளியை ராத்திரியில் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போடுகிறார்.

மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு அது. ஆனால் செடி கேட்டால் மனிதர் என்னதான் செய்வார்? மீன் கடை மூடுகிற நேரத்தில் கையில் ஒரு மூடி போட்ட டப்பாவோடு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். "இன்னா சார், பூனை வளக்கிறியா?" என்பார் மீன்காரம்மா. வெட்டிய கழிவுக்குச் சரி எடை வெல்லம் சேர்த்து, டப்பாவில் அடைத்து, மொட்டை மாடி மூலையில் மறைத்து வைப்பார். மீன் அமிலம் பதமாகிவிட்டால் நாற்றம் போய்ப் பழ வாசனை வரும் என்பது தோட்டக்காரர்களின் நம்பிக்கை. வந்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவருக்கு இன்னொரு மூக்கு வேண்டும். துணி உலர்த்த மாடிக்கு வருகிற யாரும் அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது.

மீன் அமிலம் ரகசியம் என்றால், பஞ்சகவ்யம் பிரகடனம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய கரைசல் அது. சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வாழைப்பழமும் இளநீரும் சேர்த்து ஊறவைத்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று தெளிக்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறார். எது நன்றாக வளர்ந்தாலும் காரணம் பஞ்சகவ்யம். எது செத்தாலும் காரணம் வெயில்.

பூச்சி விஷயத்தில் அவர் வரலாற்று ஆசிரியர். நீங்கள் மாடிச் சாவி வாங்கப் போயிருப்பீர்கள். "மாவுப்பூச்சி சாதாரணமில்ல சார்" என்று தொடங்குவார். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் பிடித்தது, 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டது, அவை பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதை அடக்கியது எல்லாம் வரும். அத்தனையும் உண்மை. நாம் கேட்டது சாவி. அது கைக்கு வருவதற்குள் நம் ஈரத்துணி வாளியிலேயே பாதி காய்ந்திருக்கும்.

விடியற்காலையில் அவர் கல்யாணத் தரகர். தேனீ வராத மாடியில் பூசணிக்குக் காய் பிடிக்காது. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். எது பெண் பூ என்று கேட்டுவிடாதீர்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி அவர் நடத்துகிற பாடத்தில் நீங்கள் ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். ஆண் பூவாகவே பூத்துத் தள்ளுகிற கொடிக்கு நுனியைக் கிள்ளி, பக்கக்கிளை விட்டதும் அதையும் கிள்ளி, '3ஜி கட்டிங்' செய்வார். போனை 5ஜிக்கு மாற்றித் தருகிறேன் என்று மகன் சொன்னபோது, "எனக்கு 3ஜியே போதும்" என்றது எதைப் பற்றி என்று மகனுக்கு இன்னும் புரியவில்லை.

அவருடைய ஒரே எதிரி இரண்டாவது மாடியில் இருக்கிற ஐ.டி. கம்பெனிப் பெண். அவள் வளர்ப்பது ஹாலுக்குள். ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், இசட்-இசட். "காத்தைச் சுத்தம் பண்ணும் அங்கிள், நாசாவே சொல்லியிருக்கு" என்றாள் ஒருநாள். அவர் அதற்காகவே காத்திருந்தவர். 1989இல் நாசா சோதித்தது காற்றுப் புகாத சின்னக் கூண்டுக்குள். பழைய ஆய்வுகளையெல்லாம் 2019இல் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள், ஜன்னல் வழியாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டும் என்று கண்டார்கள். "ஹாலுக்குள்ள செடிதாம்மா இருக்கும். நீ மாடிப்படியிலதான் படுக்கணும்" என்றார்.

அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாசத்தால். தினம் ஊற்றி வேரை அழுகவைப்பாள். "விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. ஈரம் தட்டுப்பட்டா ஊத்தாதே" என்று அவர் சொன்னது பொன்னான யோசனை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணு. காய்க்காத செடிக்கு எதுக்கும்மா தொட்டி?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "உங்களோடது காய்க்குது அங்கிள். யார் சாப்பிட்டாங்க?"

தெருவே கேட்கத் தயங்கிய கேள்வி அது. பிஞ்சில் பறிக்கலாமா என்று மனைவி கேட்டால், "இப்பதானே விட்டிருக்கு, ரெண்டு நாள் போகட்டும்" என்பார். இரண்டு நாளில் மச்சினர் வருகிறார், அவர் பார்க்க வேண்டாமா? அவர் பார்த்துவிட்டுப் போனதும் சம்பந்தி வருவார். அதற்குள் வெண்டை முற்றி, ஒடித்தால் ஒடியாமல் வளையும். கத்திரியின் உச்சி மஞ்சள் பூத்துவிடும். சுரைக்காயைத் தட்டினால் கச்சேரிக்கு ஆகும். அப்போது அவர் தலை நிமிர்ந்தே சொல்வார்: "அது விதைக்கு விட்டிருக்கேன்." ஒரு மாடிக்குத் தேவையான விதை ஒரு காயில் கிடைக்கும். அவரிடம் ஒரு தாலுக்காவுக்குப் போதுமான விதை இருக்கிறது. அதனால்தான் ஆடி பிறந்ததும் எல்லார் வீட்டு வாசலிலும் கல்யாணப் பத்திரிகைக் கவரில் மடித்த வெண்டை விதை வந்து விழுகிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு வரிசையில் நின்று வாங்கினோம். அவர் மாடியில் ஏழு தக்காளி சிவந்து நின்றன. அந்த வாரம் அவர் மாடிக்குப் பூட்டு வாங்கினார். ஏழையும் பல கோணத்தில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். ரசத்துக்கு ஒன்று கேட்ட மனைவிக்குப் புளியின் மருத்துவ குணங்களை விளக்கினார். கடைசியில் அணில் வந்து ஏழையும் ருசி பார்த்தது. அந்த மாடியில் விளைந்ததைப் பிஞ்சும் முற்றலும் இல்லாமல் சரியான பதத்தில் தின்ற ஒரே ஜீவன் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். முதலில் மாடிக்கு அழைத்துப்போய் முக்கால் மணி நேரம் சுற்றிக்காட்டினார். பசியோடு இறங்கி வந்தவர்களுக்கு இலையில் வெண்டைக்காய்ப் பொரியல். காலையில் தள்ளுவண்டிக்காரரிடம் ஒவ்வொரு காயாக நுனி ஒடித்துப் பார்த்து மனைவி வாங்கியது. மேலே இருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஹா, வீட்டுத் தோட்டத்துக் காய்னா தனி ருசிதான்!" என்றார் சம்பந்தி.

மனைவி நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். அவர் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் பஞ்சகவ்யம்" என்றார், அடக்கமாக.