பன்னிரண்டரைக் கிலோவுடன் பிசினஸ் கிளாஸில் பறப்பது எப்படி?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெருவிலிருந்து லண்டனுக்குப் பிசினஸ் கிளாஸில் போய் வந்த ஒரே ஆள் நான்தான். வந்த நாளிலிருந்து யோசனை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். துறைமுகத்தில் 34 வருஷம் டாலி கிளார்க்காக இருந்து, கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணியவன் நான். எண்ணுவதைத் தவிர வேறு வித்தை தெரியாது. ஆனாலும் 22 மாதப் பேரனோடு போய்ச் சேர்ந்தவன் என்பதால் எனக்கும் ஒரு தகுதி வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

முதல் வேலை, டிக்கெட் எடுத்துத் தருகிற ஒரு மருமகனைச் சம்பாதிப்பது. எங்கள் மருமகனுக்கு லண்டனில் வேலை கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வர கம்பெனியே பிசினஸ் கிளாஸ் கொடுத்தது. எனக்கு அவர் சேர்த்து வைத்திருந்த பயணப் புள்ளிகளில் எடுத்தார். சொந்தக் காசில் எடுப்பதாக நினைப்பு இருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் பாளை ரோட்டில் ஒரு வருஷ வாடகை கட்டலாமா என்று யோசியுங்கள்.

அடுத்தது பிள்ளையின் வயது. இரண்டு வயது முடியாத பிள்ளை மடியில் போகலாம். வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். கேட்க மலிவாகத்தான் இருக்கும். எதில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும். அதனால் நம்மவர்கள் எல்லாரும் இருபத்திரண்டாம் மாதம், இருபத்து மூன்றாம் மாதம் என்று பார்த்துப் பயணம் வைக்கிறார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து அதிகமாக ஓடுகிற மாதம் அது. அந்த மாதத்தில், உட்கார இடமே இல்லாத டிக்கெட்டில், பதினோரு மணி நேரம் அவனை மடியில் வைத்திருப்பதாக நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் படத்தை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும்: வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். எங்கள் பேரனுக்கு இந்த இரண்டும் சேர்ந்து நடப்பது தூக்கத்துக்கு ஒரு நொடி முன்னால் மட்டும்தான். ஸ்டுடியோக்காரர் அந்த நொடிக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தார். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷம் செல்லும். அதற்குள் முகம் மாறிவிடும். சட்டையில் இருந்த பால் கறை மட்டும் அப்படியே இருக்கும்.

ஊரிலிருந்து சென்னைக்குப் போக இரண்டு வழி. வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டர் ஆகிவிட்டது. பெரிய விமானமே இறங்கலாம் என்கிறார்கள். ஆனால் நாங்கள் பார்த்தவரை சென்னைக்குப் பறப்பது இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற ஏடிஆர்தான். அதில் பிசினஸ் கிளாஸ் கிடையாது, எல்லாரும் சமம். இரண்டாவது வழி முத்துநகர் எக்ஸ்பிரஸ். பேரனின் ஆச்சியும் வழியனுப்பச் சென்னை வரைக்கும் வருவேன் என்று நின்றதால் ரயிலிலேயே போனோம்.

ரயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வண்டி மீளவிட்டானைத் தாண்டுவதற்குள் ஆச்சி பையிலிருந்து பழைய நூல் சேலையை எடுத்து இரண்டு மேல் பெர்த்துக்கும் நடுவே தொட்டில் கட்டிவிட்டாள். எதிர் சீட்டுக்காரர் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்து, "இன்னொரு முடி போடுங்க ஆச்சி" என்றார். மணியாச்சி வருவதற்குள் பிள்ளை தூங்கிப்போனான். எழும்பூரில்தான் கண் விழித்தான். இதிலும் ஏறக்குறைய பதினோரு மணி நேரம்தான். எதற்கும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சாமான் கட்டுவதில் சில விதிகள். பிள்ளைக்கான பாலும் சோறும் கைப்பையில் 100 மில்லி கட்டுப்பாட்டில் வராது. பயணத்துக்கு வேண்டிய அளவு கொண்டுபோகலாம், பரிசோதிக்கும் இடத்தில் எடுத்துக் காட்டினால் போதும். பொடி தடவிய இட்லி பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் குழந்தைச் சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால் தருவார்கள். எங்களுக்கு வந்தது உப்புப் போடாத கேரட் மசியல். உப்பளத்து ஊர்ப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொப்பரையை எதிலும் வைக்காதீர்கள். எண்ணெய் உள்ள பொருள், தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். ஆச்சி கட்டி வைத்திருந்த இரண்டு கிலோவும் பெட்டிக்குள் போகாமல் அவளோடேயே ஊர் திரும்பியது.

மக்ரூன் விஷயம் தனி. வெள்ளைக்காரத் தாய் தகப்பன்மார் பிள்ளையோடு பறக்கும்போது, அக்கம்பக்கத்து இருக்கைக்காரர்களுக்குக் காதடைப்பானும் மிட்டாயும் பைகளில் போட்டு, 'முன்கூட்டியே மன்னிக்கவும்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்களாம். மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, நாம மக்ரூன் குடுப்போம்" என்றாள். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தக் கூம்பு எங்கள் ஊரின் பெருமை. ஆனால் பழைய பேருந்து நிலையத்திலிருந்து மில்லர்புரம் வருவதற்குள்ளேயே நுனி உடைகிற பண்டம். லண்டன் விமானத்தில் நாங்கள் கொடுத்தது மன்னிப்புச் சீட்டும் ஒரு கரண்டி மாவும். வாங்கிய துரை அதைத் தேநீரில் போட்டுக் கலக்கிக் குடித்தார். நன்றாக இருந்தது என்றே சொன்னார்.

ஏறியதும் முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிசினஸ் கிளாஸ் என்பது உப்பளம் மாதிரி: ஆளுக்கு ஒரு பாத்தி, நாலு பக்கமும் வரப்பு. அவரவர் பாத்தியில் அவரவர் காய வேண்டியதுதான். காற்றில் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே. எங்கள் ஊர் உப்பளக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். மகள் ஒரு பாத்தியில், நான் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாத்தியில். பிள்ளையைக் கை மாற்ற வேண்டுமானால் கப்பலுக்கும் தோணிக்கும் நடுவே மூட்டை மாற்றுவது போல எட்டித் தர வேண்டும். பட்டனை அழுத்தினால் இருக்கை ஆறடிப் படுக்கையாக நீள்கிறது. ஆறடிப் படுக்கையை இரண்டரை அடி மனிதன் என்ன செய்வான்? பட்டனைத்தான் அழுத்துவான். படுக்கை, நாற்காலி, படுக்கை, நாற்காலி. சென்னை விளக்குகள் மறைவதற்குள் 31 தடவை. பணிப்பெண்ணைக் கூப்பிடும் பட்டன் 14 தடவை. பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.

சிறு பை ஒன்று தருவார்கள். உள்ளே காலுறை, பல் துலக்கி, கண்ணை மறைக்கத் துணி. இதைப் பார்த்ததும் எனக்கு வ.உ.சி. ஞாபகம்தான் வந்தது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி எங்கள் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, அவரை மடக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னதாம். பயணிக்குப் பை கொடுத்து மயக்கும் வழக்கத்தை எங்கள் ஊர்க்காரர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். குடை என்றால் மழைக்காவது உதவியிருக்கும். கண்மறைப்பானைப் பேரன் வாயில் போட்டுச் சப்பினான்.

காது வலி உண்மையான சங்கதி, இதில் விளையாட்டு வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது நமக்குக் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறக்கும். பிள்ளைக்கு அந்த உபாயம் தெரியாது. இறங்கத் தொடங்கும்போது பாலோ தண்ணீரோ கொடுத்து விழுங்க வையுங்கள். தூங்க வைக்க இருமல் மருந்து கொடுக்கலாம் என்று தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். கொடுக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கூடாது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் ஆட்டத்தைக் கொடுத்துவிடும்.

இப்போது தொட்டில். முன்சுவரில் மாட்டுகிற குழந்தைத் தொட்டில் உண்டு என்று டிக்கெட் எடுக்கும்போது சொன்னார்கள், கேட்டும் வைத்திருந்தோம். விமானக் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஏறிய பிறகு, இந்த வகுப்பில் அதை மாட்டுகிற சுவர் இரண்டே இடத்தில்தான், இரண்டும் போய்விட்டது என்றார்கள். கிடைத்திருந்தாலும் பயனில்லை. அதன் எடைக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இங்கே 11 கிலோ. எங்கள் சரக்கு பன்னிரண்டரை. போதாததற்கு பெல்ட் விளக்கு எரிகிற ஒவ்வொரு தடவையும் தூங்குகிற பிள்ளையை அதிலிருந்து எடுத்து மடியில் வைத்து, நம் பெல்ட்டில் கோத்த சின்னப் பெல்ட்டால் கட்ட வேண்டுமாம். துறைமுகத்தில் இதற்கு லாஷிங் என்று பெயர். லாஷிங் போட்ட பிறகு எந்தச் சரக்கும் கத்தாது. இந்தச் சரக்கு கத்தியது.

நான் எழுந்து சேலையை எடுத்தேன். ஆச்சி எழும்பூரில் என் கைப்பைக்குள் திணித்திருந்தாள். மேலே, பக்கவாட்டில், கதவோரம் என்று எல்லா இடமும் தடவிப் பார்த்தேன். ஒரு வருஷ வாடகை மதிப்புள்ள அந்த அறையில் கோட்டு மாட்டக் கொக்கி இருந்தது. அது சுண்டு விரல் கனம். தொட்டில் கட்ட ஒரு கொக்கி இல்லை. "அப்பா, தயவு செஞ்சு உள்ள வைங்க" என்றாள் மகள்.

அந்த நேரம் பார்த்து அவன் இறங்கி ஓடினான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். நான் பின்னால் ஓடினேன். "ஏலே, நில்லுல!" என்று முப்பத்தைந்தாயிரம் அடியில் ஒரு சத்தம் கேட்டிருக்கும், நான்தான். எகானமியில் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா அவனை மடக்கிப் பிடித்துவிட்டார். நூல் சேலை, நெற்றியில் திருநீறு. என் சத்தத்தைக் கேட்டதுமே ஊர் தெரிந்துவிட்டது அவருக்கு. "எந்தப் பக்கம், தூத்துக்குடியா? நான் பாளையங்கோட்டை. இங்கன இருக்கட்டும், நீங்க உக்காருங்க" என்றார். பக்கத்தில் இரண்டு இடம் காலி. பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நொறுக்கி ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தார். அதே பொட்டலத்தில் எனக்கும் ஒன்று. கால் மணி நேரத்தில் அவர் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவன் தூங்கிவிட்டான்.

பணிப்பெண் வந்து, உங்கள் இருக்கை முன்னால் அல்லவா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன், எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாவும் நானும் தாமிரபரணித் தண்ணீர், பொரித்த பரோட்டா, எங்கள் ஊரில் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர் வைத்தவன் யார் என்றெல்லாம் பேசிக்கொண்டே கருங்கடலைத் தாண்டிவிட்டோம். நைட் கிளப் என்ற வார்த்தை மட்டும் புரிந்த முன் வரிசைப் பையன் ஒருவன் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

நடுவில் ஒரு தடவை முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். என் படுக்கையில் டயப்பர் பை நீட்டிப் படுத்திருந்தது. மகள் தன் படுக்கையில் காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு மணி நேரம் தூங்கினாள். பிள்ளை பிறந்து 22 மாதத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் தூங்கியது அன்றைக்குத்தான்.

ஆகவே என் முடிவான யோசனை: பிசினஸ் கிளாஸ் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் ஆகாது; பெற்றவளுக்கு மட்டும் எடுங்கள். மடிப்பிள்ளை டிக்கெட்டை எந்தப் பெரியவர் டிக்கெட்டோடும் சேர்க்கலாம். எகானமியில் உங்களோடு சேர்த்துவிடுங்கள். இறங்கின பிறகும் கஷ்டம் தீராது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். பேரன் காலை ஆறு மணிக்கு எழுகிறவன், அங்கே அது ராத்திரி ஒன்றரை. முதல் ஐந்து நாள் ஒன்றரைக்கு எழுந்து விளையாடினான். அங்கே வீட்டுக் கூரையிலும் கொக்கி இல்லை. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டாராம். ஆறாம் நாள் மருமகன், கதவு நிலையில் மாட்டித் தொங்குகிற உடற்பயிற்சிக் கம்பி ஒன்றை வாங்கி வந்தார். 100 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆச்சியின் சேலை இப்போது அதில்தான் தொங்குகிறது.