விறாந்தை ஆணையாளர்

ஊரடங்குச் சட்டத்துக்கு மன்னார் மகாஜனங்கள் புதியவர்களல்லர். யுத்த காலத்தில் அதனோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியவர்கள். ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கு, குண்டுச் சத்தம் எதுவுமின்றிச் சவர்க்காரத்தோடும் முகக்கவசத்தோடும் வந்து சேர்ந்தபடியால், வெளியே போகத் துணிவும் உள்ளே இருக்கப் பொறுமையும் இல்லாத ஒரு விசேஷப் பிரகிருதியைத் தீவெங்கும் சிருஷ்டித்துவிட்டது. பள்ளிமுனையிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தலைமன்னாரிலும், வேலி உள்ள இடமெல்லாம் வேலிக்குள்ளே இவர் இருந்தார். சட்டம் இவருக்கு விதித்த எல்லை படலை. புத்தி சஞ்சரித்த எல்லை வாஷிங்டன். இவரை விறாந்தை ஆணையாளர் என்று அழைப்பதே பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஒழுங்கைக்கு வாய்த்த ஆணையாளர் கச்சேரியிலே சிறாப்பராக இருந்து இளைப்பாறியவர். உத்தியோக காலம் முழுவதும் பிறருடைய பணத்தை எண்ணிக் கட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய அந்தக் கைகள், ஓய்வூதியத்தை எண்ணுவதற்கு மாதத்தில் ஐந்து நிமிஷம் போதுமென்று கண்டுகொண்ட நாளிலிருந்து வேலையற்றுத் தவித்துக்கொண்டிருந்தன. அந்தத் தவிப்பை அரசாங்கமே தீர்த்து வைத்தது. மார்ச் 2ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பாராளுமன்றத்தைக் கலைத்தார், ஏப்ரல் 25 தேர்தல் என்றார், வேட்புமனுக்கள் 19ஆம் திகதி நண்பகலோடு முடிந்தன, மறுநாள் ஊரடங்கு. வேட்பாளர்களைப் பட்டியலில் அடைத்த கையோடு வாக்காளர்களை வீட்டில் அடைத்த இந்த ஏற்பாட்டின் ஒழுங்கைச் சிறாப்பரைப்போல ரசித்தவர் வேறு யாருமில்லை.

விறாந்தையிலே சாய்மனைக் கதிரை. அதன் ஒரு கைப்பிடியில் வானொலி, மறு கைப்பிடியில் கைபேசி. மடியிலே சிவப்பும் நீலமுமாகக் கோடு கீறிய ஒரு சீ.ஆர். கொப்பி. தேர்தல்கள் ஆணைக்குழுவில் மஹிந்த தேசப்பிரிய, அபேசேகர, ரட்ணஜீவன் ஹூல் என மூன்று உறுப்பினர்கள் இருந்ததாக உலகம் நம்பிற்று. நாலாவது உறுப்பினர் மன்னாரிலே சாரத்தோடு அமர்ந்திருந்ததை எங்கள் ஒழுங்கை மாத்திரமே அறியும். தேர்தல் ஏப்ரல் 25இலிருந்து ஜூன் 20க்குப் போயிற்று. ஜூன் 20இலிருந்து ஆகஸ்ட் 5க்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் சுவர் நாட்காட்டியில் பழைய திகதியை வெட்டிச் சுருக்கொப்பம் வைத்து, புதிய திகதியைச் சுற்றி வட்டமிட்ட பிறகுதான் அவர் தேத்தண்ணியைத் தொடுவார்.

கலைத்த பாராளுமன்றத்துக்குப் பதிலாகப் புதியது மூன்று மாதத்துக்குள் கூடவேண்டுமென்று அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, 5ஆம் பந்தி சொல்கிறது. இந்த 70(5) அவருக்கு மந்திரமாயிற்று. ஊரடங்கு காலத்திலே படலைவரை வரக்கூடிய மனிதப் பிறவிகள் மிகச் சிலர்: 5,000 ரூபா கொடுப்பனவுக்குக் கையெழுத்து வாங்க வந்த உத்தியோகத்தர், மீன்காரர், சங்கீதம் பாடிக்கொண்டு வரும் பாண் ஓட்டோக்காரப் பையன். மூவரும் 70(5)ஐக் கேட்காமல் திரும்பியதில்லை. ஜூன் 2ஆம் திகதி மூன்று மாதம் முடிவதால் நாட்டுக்கு நேரவிருக்கும் அரசியலமைப்பு விபரீதத்தை ஒருநாட் காலை அவர் ஒரு மீற்றர் இடைவெளி விட்டு, முகக்கவசத்தை நாடிக்கு இறக்கி, விஸ்தாரமாக உபந்நியசித்து முடித்தபோது, பையன் மிகுந்த மரியாதையோடு, "அது சரி ஐயா, உங்களுக்கு எத்தனை றாத்தல்?" என்று கேட்டான்.

பத்து நாள் வாதங்களைக் கேட்ட உயர் நீதிமன்றத்தின் ஐவர் குழாம், அதே ஜூன் 2ஆம் திகதி, கலைப்பையும் தேர்தல் திகதியையும் எதிர்த்து வந்த மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் ஏகமனதாகத் தள்ளுபடி செய்தது. காலையில் மனுதாரர் பக்கம் நின்ற சிறாப்பர், மாலைச் செய்திக்குப் பிறகு வேலியடிக்கு வந்து, "நான் அப்பவே சொன்னனான் தம்பி" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இந்த ஜாதியாரோடு பழகுகிறவர்கள் இதை அறிந்துகொள்வது அவசியம்: இவர்களுடைய தீர்க்கதரிசனம் எப்போதும் சம்பவத்துக்குப் பிந்தியே பிரசுரமாகும்.

ஆகஸ்ட் 5ஆம் திகதி வாக்களிக்கச் சொந்தப் பேனா கொண்டுவரலாம் என்றார்கள். அவர் மூன்று கொண்டுபோனார். ஆனால் அவருடைய ஜன்ம சாபல்யம் மறுநாள்தான் கிட்டியது. வாக்கெண்ணும் வேலை வழக்கம்போல் இரவோடிரவாக நடக்காமல் 6ஆம் திகதி காலையில் ஆரம்பமானபடியால், கண்விழிப்பின்றிப் பகல் முழுவதும் அவர் கணக்கோடு கிடந்தார். மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆசனம் ஆறு. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒன்று போனஸ். நூற்றுக்கு ஐந்து வீதம் எடுக்காதவர்களை நீக்கி, மிஞ்சியவர்களின் வாக்குகளை ஐந்தாற் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 32 ஆயிரத்துச் சொச்சம். தமிழரசுக் கட்சிக்குப் போனஸோடு மூன்று. பொதுஜன பெரமுனவுக்கு ஒன்று. ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று. ஆறாவது யாருக்கு? ஈ.பி.டி.பி. எடுத்தது மொத்தமே 11 ஆயிரத்துச் சொச்சம். பெரமுனவோ 42 ஆயிரத்துக்கு மேல் எடுத்து, ஓர் ஆசனத்தின் விலையைக் கொடுத்தபின் கையில் பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம் வைத்திருந்தது. மிச்சங்களில் பெரிய மிச்சத்துக்கே ஆசனம் என்பது விதி. எனவே ஆறாவது ஆசனம் ஈ.பி.டி.பி.க்குப் போயிற்று.

இந்த நெடும் பிரித்தலைச் சீ.ஆர். கொப்பியிலே இரண்டு பக்கத்துக்குச் செய்து, அடியில் இரட்டைக் கோடும் இட்டு, அடுக்களை வாசலில் நின்று மனைவிக்கு அவர் வாசித்துக் காட்டினார். அந்த அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே கேட்டார்: "அப்ப மிச்சம்தான் வெண்டதோ?"

"ஓம், மிச்சம்தான்."

"அப்ப எங்கடை வீட்டிலையும் அதுதான். ராத்திரிச் சோத்துக்குத் தண்ணி ஊத்தி வச்சிருக்கிறன், கையக் கழுவிப்போட்டு வாருங்கோ."

ஒக்டோபரில் கொரோனா மறுபடியும் எழுந்தது; படலைகள் மறுபடியும் சாத்தப்பட்டன. உள்ளூரில் எண்ணுவதற்கு எதுவுமில்லாத இந்த வறட்சிக் காலத்தில், கடவுளே பார்த்து அனுப்பியதுபோல வந்தது அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அங்கே நள்ளிரவானால் இங்கே காலை பத்தரை. உடம்புக்கு ஒத்த நேரம். நவம்பர் 3ஆம் திகதி நடந்த வாக்களிப்பின் முடிவு 7ஆம் திகதிவரை இழுபட்டதை உலகத்தார் அனர்த்தமாகக் கருதினார்கள். சிறாப்பர் அதை அநுக்கிரகமாகக் கருதினார். பென்சில்வேனியாவின் தபால் வாக்குகளைப் பற்றிப் பெரியகடையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். அதற்கு மேலே ஒரு சகுன சாஸ்திரமும் வைத்திருந்தார். ட்ரம்பின் கட்சிச் சின்னம் யானை. இந்த நாட்டிலே யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சி, ஆகஸ்டில் ஒரு மாவட்டத்திலும் எவரையும் தெரிவு செய்விக்க முடியாமல் தேசியப் பட்டியலில் ஒரேயொரு ஆசனத்தோடு நின்றது. ஆகையால் 2020 யானைக்கு ஆகாத வருஷம். பைடனின் கட்சிக்கோ சின்னம் கழுதை. கழுதைகளோ மன்னார்ப் பட்டினத்துத் தெருக்களின் பரம்பரைப் பிரஜைகள். வேலியோரத்துப் பூவரசங் குழையைத் தின்ன வரும் கழுதையைக் கல்லெறிந்து விரட்டுவதே நெடுங்காலமாக வழக்கமாயிருந்த அந்த வீட்டில், நவம்பர் 8ஆம் திகதி காலை ஒரு கழுதை நிம்மதியாக நின்று வயிறாரத் தின்றதை நான் என் கண்ணாற் கண்டேன்.

ஆனால் சிறாப்பரின் உள்ளத்தை உண்மையிலே புண்படுத்தியது ஜோர்ஜியா விவகாரம். அந்த மாநிலத்தில் மறுபடியும் எண்ணி முடித்த கணக்கிலே பைடனுக்கு 11,779 வாக்குகள் அதிகம். 2021 ஜனவரி 2ஆம் திகதி ட்ரம்ப், தம் கட்சிக்காரரேயான மாநிலச் செயலாளர் ரஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரவேண்டுமென்று கேட்ட ஒலிப்பதிவு மறுநாளே உலகெங்கும் பரவிற்று. அடுத்த நாட்களில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிகள் உடைந்ததுகூட அவருக்கு இரண்டாம் பட்சம். "தம்பி, பெட்டியிலை காசு குறைஞ்சா சிறாப்பர் தன்ரை கையாலை போடுவான். தோத்தவன் வந்து, குறைஞ்ச காசும் தந்து மேலை ஒரு சதமும் தா எண்டு கேட்டா, அவனை என்னெண்டு கச்சேரிக்குள்ளை விடுறது?" என்றார். அமெரிக்காவின் பத்திரிகைகள் எழுதிய நெடிய தலையங்கங்களைவிட இந்த அபிப்பிராயம் எனக்குச் சாரமுள்ளதாகப் பட்டது. அவருடைய சகுன சாஸ்திரத்தை அன்றே மன்னித்துவிட்டேன்.

அந்தச் சீ.ஆர். கொப்பியை அண்மையிற் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பொதுத் தேர்தல் இருக்கிறது. ஜோர்ஜியாவும் அரிஸோனாவும் இருக்கின்றன. 2021 மே 2ஆம் திகதி தி.மு.க. 133 இடங்களை வென்ற தமிழ்நாட்டுத் தேர்தல் தொகுதி வாரியாக இருக்கிறது. "வட மாகாண சபை" என்று தலைப்பிட்டு, மன்னாருக்கு 5 ஆசனம் என்று கோடு கீறிய பக்கம் மாத்திரம் வெறுமையாக இருந்தது. அதில் சிறாப்பரின் குற்றம் எதுவுமில்லை. அந்தச் சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. அதன் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு எவரும் அதற்கு வாக்களித்ததில்லை.